ரெண்டு மாநிலத்துல சம்பளமா? வருமான வரி கணக்கை எங்கே காட்டணும்?

கடலூர் முதுநகர் பக்கத்தில் இருக்கும் சிப்காட்டில் ஆறு மாசம், அப்புறம் பெங்களூருவில் ஆறு மாசம் வேலை. வரிக் கணக்கை எந்த மாநிலத்தில் காட்டணும்?

எந்த மாநிலத்திலும் இல்லை. அமெரிக்காவில் பல மாநிலங்கள் தனியாக வருமான வரி வாங்குகின்றன. இங்கே சம்பளத்துக்கான வருமான வரி மத்திய அரசுக்கு மட்டும்தான். எத்தனை ஊரில் வேலை பார்த்தாலும் ஒரே பான், ஒரே ரிட்டர்ன்.

சிக்கல் கம்பெனி மாறுவதில்தான் இருக்கிறது. 2025-26 நிதியாண்டில், புதிய வரி முறையில், சம்பளக்காரர்களுக்கு ரூ.12.75 லட்சம் வரை வரி இல்லை. சிப்காட்டில் மாதம் ரூ.1 லட்சம், பெங்களூருவில் ரூ.1.5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முதல் கம்பெனி ஆண்டுக்கு 12 லட்சம்தானே என்று டிடிஎஸ் பிடிக்காது. அடுத்த கம்பெனிக்குத் தெரிந்தது 9 லட்சம் மட்டும். அதுவும் பிடிக்காது. ஆனால் மொத்தம் 15 லட்சம்! நிலையான கழிவு ரூ.75,000 ஒருமுறைதான் கிடைக்கும். அதைக் கழித்தாலும் செஸ் சேர்த்து கட்ட வேண்டிய வரி ரூ.97,500. தாமதத்துக்கு வட்டி தனி.

இதைத் தவிர்க்க, புது கம்பெனியில் சேரும்போதே பழைய சம்பள விவரத்தை படிவம் 12பி-யில் கொடுத்துவிடணும். கொடுக்காதவர்கள் ரெண்டு கம்பெனியிலும் படிவம் 16 வாங்கி, கூட்டிக் காட்டணும். ஒன்றை மறைக்கவும் முடியாது, ரெண்டு சம்பளமும் வருமான வரி இணையதளத்தின் ஏஐஎஸ் அறிக்கையில் ஏற்கெனவே இருக்கும்.

மாநிலம் மாறினால் மாறுவது தொழில் வரி. தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சி அமைப்புக்கு, முதுநகர் என்றால் கடலூர் மாநகராட்சிக்கு. கர்நாடகாவில் மாதாமாதம் மாநில அரசுக்கு.