செக்கிங்காரியின் கை

இருபத்திரண்டு வருஷமாகத் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். ஓட்டை, எண்ணெய்க்கறை, நீடில் லைன் எல்லாவற்றையும் கண்ணுக்கு முந்தியே விரல் கண்டுபிடித்துவிடும். மார்பில் ஆபரேஷன் முடிந்தபின் அந்த விரல் என் உடம்பையே செக்கிங் பார்க்க ஆரம்பித்தது. நாளைக்குப் பத்துத் தடவை, பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு.

அம்மாயியும் அம்மாவும் இதே நோயில் போனார்கள். வீட்டில் "கட்டி" என்பார்களே தவிர, புற்று என்ற சொல் வராது. தெரிந்தால் யார் பெண் எடுப்பார்கள்? அவர்கள் ராத்திரியில் எதை நினைத்துப் பயந்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்தான். அந்தத் துக்கத்திலிருந்து பிறந்தது சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி. 1954-இல் 12 படுக்கையோடு திறந்தார்கள். அன்றைக்கு உயிர் பிழைப்பதே பெரிய காரியம். பிழைத்தபின் வருகிற பயத்தைப் பற்றி யோசிக்க யாருக்கு நேரம்?

சில குடும்பங்களில் மார்புப் புற்று வழிவழியாக வருவது ஏன் என்று தேடிய விஞ்ஞானி மேரி-கிளேர் கிங், 1990-இல் அதற்குக் காரணமான மரபணுவின் இடத்தை 17-ஆம் குரோமோசோமில் காட்டினார். 1994-இல் பி.ஆர்.சி.ஏ.1 என்ற அந்த மரபணுவையே பிரித்தெடுத்தார்கள். எனக்கும் அந்த மரபணுவில் கோளாறு இருக்கிறது. என் மகளுக்கு அது போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

இந்தப் பயத்துக்கு மனசுக்கான வைத்தியம் வேண்டும்; அது தூரத்திலிருந்து வருவதும் நமக்குப் புதிதல்ல. 2010-இல் சென்னையின் ஸ்கார்ஃப் மனநல அமைப்பு புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. நோயாளி பஸ்ஸுக்குள், டாக்டர் சென்னையில், நடுவில் திரை. 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கு வந்த சமயத்தில், தொலைமருத்துவத்துக்கு மத்திய அரசு விதிமுறை வகுத்தது. நோய் திரும்புமோ என்ற பயத்துக்கென்றே ஆஸ்திரேலியாவில் ஃபில்லிஸ் பட்டோ குழுவினர் ஐந்து அமர்வில் ஒரு சிகிச்சையை வகுத்து, 2017-இல் அதன் பலனை வெளியிட்டார்கள்.

எனக்கும் அந்த மாதிரி சிகிச்சை ஞாயிற்றுக்கிழமை போனில் நடக்கிறது. சுற்றியிருக்கும் சத்தங்களில் கவனத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் பழகச் சொன்னார் சிகிச்சை தரும் அம்மா. பக்கத்து வீட்டு ஓவர்லாக், தெருவில் தண்ணி லாரி, குக்கர் விசில். பயம் வரும்போது அதைத் துரத்த வேண்டாம், கவனத்தை நகர்த்தினால் போதும் என்றார். தடவிப் பார்ப்பது மாசத்துக்கு ஒரு நாள், டாக்டர் சொன்ன முறையில் மட்டும்.

போன வாரம் மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்மாயிக்கும் இப்படித்தான் பயமா இருந்துச்சாம்மா?" என்றாள். "உள்ள வா கண்ணு" என்று பக்கத்தில் உட்காரவைத்தேன்.