வண்டிக்கும் காய்ச்சல் வரும்

1978-ஆம் ஆண்டு கோடை. அலுவலகக் காரில் அதிகாரியும் நானும் கோப்புக் கட்டுகளோடு புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். சிதம்பரம் தாண்டியதும் வண்டியின் முன்புறத்திலிருந்து ஆவி கிளம்பியது. டிரைவர் அண்ணன் இறங்கி, துண்டை மடித்து ரேடியேட்டர் மூடியின் மேல் வைத்துத் திருகினார். கொதிநீர் பீறிட்டு அவர் மணிக்கட்டு முதல் முழங்கை வரை வெந்துபோனது. ஓய்வு பெறும் நாள் வரை அந்தத் தழும்பு அவர் கையில் இருந்தது.

அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குற்ற உணர்வு. ஏனென்றால் அந்த மூடிக்குள் இருந்த ஆபத்தைப் பள்ளியில் படித்தவன் நான். தெனி பப்பேன் என்ற பிரெஞ்சு அறிஞர் 1679-இல் இறுக மூடிய பாத்திரம் ஒன்றை லண்டனில் செய்து காட்டினார். நம் வீட்டு பிரஷர் குக்கருக்கு அதுதான் பாட்டன். அழுத்தம் கூடினால் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் செய்வதும் அதே வேலைதான். திறந்தவுடன் அழுத்தம் போய்விடும். அதுவரை அடங்கிக் கிடந்த தண்ணீர் நொடியில் ஆவியாகிச் சீறும். விசில் அடங்காத குக்கரை நம் வீட்டுப் பெண்கள் யாராவது திறப்பார்களா? காரில் மட்டும் நாம் திறந்துவிடுகிறோம்.

இந்தக் காய்ச்சல் கார் பிறந்த நாளிலிருந்தே உண்டு. கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதுதான் குளிர்விக்கும் முறை. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள போர்ட்ஸ்ஹைமுக்கு அதை ஓட்டிச் சென்றார். வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது.

அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் தேனடை ரேடியேட்டர். வில்ஹெல்ம் மேபாக் 1901-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் வண்டிக்கு ஆயிரக்கணக்கான சிறு குழாய்களை அடுக்கி அதை அமைத்தார். பிரெஞ்சிலும் அதன் பெயர் 'நி தபேய்', அதாவது தேன்கூடு. அதே தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றி வந்ததால் வழியில் குடம் தேட வேண்டியதில்லை. அந்தக் கால ரெனோ வண்டிகளில் ரேடியேட்டர் எஞ்சினுக்குப் பின்னால் இருந்தது, பம்பும் இருக்கவில்லை. சூடான நீர் மேலே ஏறும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும் என்ற இயற்கை விதியே போதுமானதாக இருந்தது. 1914 செப்டம்பரில் பாரிசிலிருந்து மார்ன் போர்முனைக்குச் சிப்பாய்களை ஏற்றிச் சென்ற டாக்சிகள் பெரும்பாலும் அந்த ரெனோக்கள்தான்.

ஆனால் எஞ்சின் குளிர்ந்து போனாலும் கேடுதான். குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக எரியாது, தேய்மானமும் கூடும். அதற்காக வந்தது தெர்மோஸ்டாட். 1914-இல் வெளிவந்த காடிலாக் எட்டு சிலிண்டர் வண்டியிலேயே அது உண்டு. தண்ணீர் போதிய அளவு சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை அடைத்து வைக்கும் ஒரு சிறு கதவு அது.

காரைக்கால் சம்பவத்திற்குப் பிறகு எங்கள் வண்டியைப் பழுது பார்க்க விட்டார்கள். அண்ணன் திரும்பி வந்து, "நம்ம ஊரு வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு தம்பி? கழட்டிப் போட்டாச்சு" என்றார். நானும் நம்பினேன். ஆனால் பெட்ரோல் கணக்குப் புத்தகத்தை எழுதியவன் நான். அடுத்த மாதமே லிட்டருக்கு ஓடிய தூரம் குறைந்திருந்தது. மே மாதம் கடைத்தெரு நெரிசலில் வண்டி மறுபடியும் கொதித்தது. கடைசியில் ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தால், ஆண்டுக்கணக்கில் ஊற்றிய கிணற்றுத் தண்ணீரின் உப்பு குழாய்களில் படிந்து பாதி அடைத்திருந்தது. நோய் ஓரிடத்தில் இருக்க, வைத்தியம் வேறிடத்தில் நடந்திருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் குளிர்காலத்தில் பிரான்சில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். காரில் ஏறினால் கால் விறைத்தது. "ஹீட்டரையே மாத்தணும் போல மாமா" என்றார் மாப்பிள்ளை. நான் வெப்பமானி ஊசியைப் பார்த்தேன். அரை மணி நேரம் ஓடியும் அது கீழேயே கிடந்தது. ஹீட்டருக்கென்று தனி அடுப்பு கிடையாது. எஞ்சினின் சுடுநீர்தான் அதற்குள்ளும் ஓடுகிறது. எஞ்சினே சூடாகாதபோது ஹீட்டர் எப்படிச் சுடும்? "தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்குமோ, கேட்டுப் பாருங்க மாப்பிள்ளை" என்றேன். அதுதான் பழுது என்று மெக்கானிக்கும் சொன்னார். சின்னப் பொருள், சின்னச் செலவு. அண்ணன் வண்டியின் பெட்ரோல் கணக்கு அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

ஓட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். நிற்கும்போது சூடேறி, ஓடும்போது தணிந்தால் மின்விசிறியைப் பார்க்க வேண்டும். மேடு ஏறும்போதும் வேகத்திலும் சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பையும் பம்பையும் சந்தேகப்பட வேண்டும். ஊசி உயரத்தில் இருக்க, ஹீட்டரில் குளிர்காற்று வந்தால், பெரும்பாலும் தண்ணீர் குறைந்திருக்கும் அல்லது உள்ளே காற்று புகுந்திருக்கும். உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். ஊசி சரியாக இருந்து ஹீட்டர் மட்டும் குளிர்ந்தால், ஹீட்டருக்குப் போகும் வழியில் அடைப்பு இருக்கலாம்.

எதுவாக இருந்தாலும் முதலில் நிழலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, மேல் குழாய் கை பொறுக்கும் சூட்டுக்கு வரும் வரை காத்திருங்கள். அரை மணி நேரம் தாமதமாகப் போனால் அதிகாரி கோபித்துக்கொள்வார், அவ்வளவுதான். அன்றைக்கு எங்களுக்கும் அப்படி ஒன்றும் அவசரம் இருக்கவில்லை. அண்ணனிடம் "கொஞ்சம் பொறுங்கண்ணே" என்று நான் சொல்லியிருக்கலாம்.