விடியுமட்டும் கேட்ட தவில்

நியூ ஓர்லியன்ஸ் நகரில் படி போல்டன் என்றொரு கலைஞர் இருந்தார். ட்ரம்பெட்டின் உறவுக் கருவியான கோர்னெட் வாசித்தவர். ஜாஸ் இசையின் முன்னோடி. 1931இல் மறைந்த அவரது வாசிப்பில் ஒரு நிமிடந்தானும் ஒலிப்பதிவாக எஞ்சவில்லை. கேட்டவர்கள் சொன்ன கதைகளே மிச்சம். இதைப் படித்தபோது என் நினைவில் வந்தவர் தவில் மேதை தெட்சணாமூர்த்தி.

1933இல் இணுவிலில் பிறந்தவர். தந்தை விசுவலிங்கமும் தவில்காரர். நாச்சியார்கோயில் இராகவப்பிள்ளையிடமும் பயின்று, பின்னர் அளவெட்டியில் வாழ்ந்தார். தமிழகமும் அவரைக் கொண்டாடியது. 1975இல் மறைந்தபோது நாற்பத்திரண்டு வயது நிறையவில்லை.

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில், சிறுவனாக, ஐயாவின் பக்கத்தில் வெளிவீதி மணலில் இருந்து அவரைக் கேட்டேன். மேளச்சமா என்றால் அன்று விடியுமட்டும் சனம் அசையாது. நாதஸ்வரம் ஓய்ந்து தனித்தவில் தொடங்கியது. வலக்கை விரல்களிலே கூடுகள், இடக்கையிலே கழி. வேகம் ஏற ஏற எல்லாருடைய தவிலும் இரைச்சலாகிவிடும். இவருடையதில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே விழுந்தது. தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த ஐயா திடீரென்று கையை எடுத்துவிட்டார்.

“ஏன் ஐயா நிப்பாட்டிப் போட்டியள்?”

“கணக்குத் தவறிப்போச்சு தம்பி. இனிக் கேக்கிறது மட்டுந்தான்.”

ஜாஸ்காரரைப் போலவே தவில்காரருக்கும் தனி வாசிக்கையில் முன்னால் தாள் இல்லை. கற்ற பாடங்கள் கையில் இருக்கும்; அவற்றை எப்படிக் கோப்பது என்பது அந்த இரவின் காரியம். மறுநாள் அதே வாசிப்பு வராது. கலியாண வீட்டில் கெட்டிமேளம் கேட்டுவிட்டுப் பந்திக்கு எழும்புகிற நாங்கள், இந்தக் கலைஞர்களின் வரலாற்றை எழுதுவதிலும் அதே அவசரத்தைத்தான் காட்டியிருக்கிறோம்.

போல்டனுக்கு நேர்ந்த முழு அழிவு தெட்சணாமூர்த்திக்கு நேரவில்லை. சில ஒலிநாடாக்கள் தப்பின. 2015இல் அம்ஷன்குமார் அவரைப்பற்றிய ஆவணப்படத்தைத் தந்தார். ஆனால் எங்கள் வீட்டிலிருந்த நாடா 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு போயிற்று. அரிசியும் பாயும் தூக்கிய கையில் அதற்கு இடமிருக்கவில்லை.

பல வருடங்களின் பின் உறவினர் ஒருவர் தம்மிடமிருந்த பிரதியைப் போட்டுக்காட்டினார். பிள்ளை அழுகிறது, யாரோ இருமுகிறார்கள், “சத்தம் போடாதேங்கோ” என்று ஒரு குரல் அதட்டுகிறது. பிறகு தவில். தனி முடியுமுன்னரே நாடா முடிந்துவிடுகிறது.