மாங்கேணிக்கு ஒரு பாடநெறி: பட்டநிலை ஆசிரியக் கல்வியும் பல்தர வகுப்பும்

இலங்கையில் ஆசிரியராவதற்கான வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு ஒரு விநோதம் தென்படும். தேசிய கல்வியியற் கல்லூரிகள் 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. மட்டக்களப்பில் அத்தகைய கல்லூரி தாழங்குடாவில் இருக்கிறது. அங்கே சேர்பவர் இரண்டு ஆண்டு விடுதியில் தங்கிப் படித்து, மூன்றாம் ஆண்டு முழுவதும் ஒரு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி செய்கிறார். இறுதியில் அவர் பெறுவது டிப்ளோமா. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலோ வேறெந்தப் பல்கலைக்கழகத்திலோ கலைப்பட்டம் பெற்றவர், வகுப்பறையில் ஒருநாளும் நின்றறியாமலே ஆசிரிய நியமனம் பெற முடிகிறது. அவருக்குரிய பட்டப்பின் கல்வி டிப்ளோமா நியமனத்துக்குப் பிறகே வருகிறது. ஆக, டிப்ளோமாக்காரர் சனி ஞாயிறுகளில் பட்டத்தைத் துரத்துகிறார், பட்டதாரி அதே சனி ஞாயிறுகளில் பயிற்சியைத் துரத்துகிறார். இருவருடைய பாடசாலையும் திங்கட்கிழமை திறக்கிறது.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து நான்காண்டுக் கல்விமாணிப் பட்டம். 19 கல்வியியற் கல்லூரிகளையும் பல்கலைக்கழக நிலைக்கு உயர்த்தும் யோசனையும் அண்மைய ஆண்டுகளில் பேசப்பட்டது. இந்தியாவில் இது புதிதல்ல. மைசூரிலும் வேறு மூன்று நகரங்களிலும் 1960களிலேயே தொடங்கப்பட்ட பிராந்தியக் கல்விக் கல்லூரிகள் பாடத்தையும் பயிற்சியையும் ஒரே பட்டத்தில் இணைத்தன. 2020இன் தேசிய கல்விக் கொள்கை அதையே நாடு முழுவதற்கும் விரிக்க முனைகிறது. இணைப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஆண்டுகளைக் கூட்டிவிட்டால் ஆசிரியர் உருவாகிவிடுவார் என்ற நம்பிக்கையை ஏற்க முடியவில்லை. ஒரு பாடநெறி எந்த வகுப்பறையை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது என்பதே முதற்கேள்வி. இன்றைய பாடநெறிகள் நகரத்துப் பெரிய பாடசாலையின் ஒற்றைத்தர வகுப்பை மனத்தில் வைத்திருக்கின்றன. அவை கல்குடா வலயத்தின் வாகரைக் கோட்டத்துச் சிறிய பாடசாலை ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

மாணவ ஆசிரியர் எழுதும் பாடக்குறிப்பே இதற்குச் சாட்சி. தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற்பேறு, தர உள்ளீடு எனக் கட்டங்கள் வரிசையாக வரும். தலைப்பில் தரம் என்று எழுதி ஒரு புள்ளிக்கோடு இருக்கும். அந்தக் கோட்டில் ஓர் இலக்கம் எழுதலாம், அவ்வளவுதான். 3, 4, 5 என்று மூன்று தரங்களை ஒரே நேரத்தில் வைத்திருப்பவருக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.

வாழைச்சேனையைத் தாண்டித் திருகோணமலை வீதியில் வடக்கே போனால் வரும் கரையோர ஊர் மாங்கேணி. அதற்கப்பால் பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. உள்ளே கஜு மரங்கள் நிற்கும் மணற்காணிகள், காட்டோரச் சிறு குடியிருப்புகள், வேடர் வழிவந்த தமிழ் பேசும் குடும்பங்கள். 2004இன் சுனாமியும் 2006, 2007இன் போரும் இந்தக் கரையில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் படிப்பைத் துண்டு துண்டாக்கின. இத்தகைய பிரதேசத்தில் நகரத்திலிருந்து வந்துபோகும் ஆசிரியர் ஒருவர் லீவு போட்டால் இரண்டு தரங்கள் ஒருவர் தலையில் விழுகின்றன. சில இடங்களில் லீவே தேவையில்லை, ஆளணியே அப்படித்தான். பல்தரக் கற்பித்தல் இங்கே அன்றாட நிலை.

அது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டை வடிவமைத்துப் பார்ப்போம். பாடம் நிறை அளத்தல். ஒரு மண்டபம், ஒரு தராசு, ஒரு தட்டில் இறால். தரம் 3 கையால் தூக்கி, எது கூட, எது குறைய என்று மதிப்பிட வேண்டும். தரம் 4 கிலோகிராமிலும் கிராமிலும் நிறுத்து எழுத வேண்டும். தரம் 5 அந்த நிறைக்கு விலை கணிக்க வேண்டும். அனுபவமில்லாதவர் மூன்று தரத்துக்கும் மூன்று பாடம் நடத்தப் பார்ப்பார். நாற்பது நிமிடத்தில் பதின்மூன்று பதின்மூன்றாகப் பிரித்து, மூன்றையும் கெடுப்பார். பழகியவர் ஒன்றை மற்றதில் தொங்கவிடுவார். தரம் 5 விலைப்பட்டியலின் நிரல்களை வரைந்து காத்திருக்க, தரம் 4 நிறுத்துக் கொடுக்கும் இலக்கம்தான் அவர்களுடைய கணக்கின் தொடக்கம். நாலாம் தரப் பிள்ளை 750ஐ 570 என்று எழுதினால் ஐந்தாம் தரத்தின் கூட்டுத்தொகை உதைக்கும். பிழையைத் தேடி அவர்களே தராசடிக்குத் திரும்புவார்கள். அந்த நேரத்தில் ஆசிரியர் தரம் 3உடன் உட்கார்ந்திருக்கலாம்.

பிறகு வரும் உண்மையான சோதனை. களப்பில் அத்தாங்கு வலை பிடிக்கும் வீட்டுப் பிள்ளை ஒன்று, ஐஸில் கிடந்த இறால் தண்ணி வடிந்தால் நிறை குறையும், பெரிய இறாலுக்கு விலை வேறு என்று சொல்லிவிடும். அதைத் தொந்தரவென்று அடக்குவதா, சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்துக்குள் இழுத்துக்கொள்வதா? இரண்டாவதைச் செய்ய அளவீடும் தெரிந்திருக்க வேண்டும், பிள்ளையின் ஊரும் தெரிந்திருக்க வேண்டும். கல்வியியலாளர் லீ சுல்மன் 1986இல் சுட்டிக்காட்டியது இதைத்தான். பாட அறிவு ஒருபுறம், கற்பித்தல் நுட்பம் மறுபுறம் என்று பிரித்தால், குறித்த பாடத்தைக் குறித்த பிள்ளைக்கு விளங்கவைக்கும் அறிவு இரண்டுக்கும் நடுவில் விழுந்துபோகும். நம்முடைய பட்டநெறிகளில் கல்வி உளவியல் ஓர் அரையாண்டிலும் கற்பித்தல் முறை இன்னோர் அரையாண்டிலும் வருகின்றன. பியாஜேயின் படிநிலைகளைப் பிசகில்லாமல் எழுதும் மாணவர் இந்தத் தராசடியில் திகைத்து நிற்பார்.

இது வெறும் கற்பனைத் தேவையல்ல. லண்டன் கல்வி நிறுவனத்தின் ஏஞ்சலா லிற்றில் 2006இல் பதிப்பித்த பல்தரக் கற்பித்தல் பற்றிய நூலில், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மஞ்சுளா விதானபத்திரண கிராமியப் பாடசாலைகளுக்கு ஆரம்பக் கணிதக் கலைத்திட்டத்தை மாற்றியமைப்பது குறித்து எழுதியிருக்கிறார். ஆய்வு நம் நாட்டிலேயே இருக்கிறது. பாடநெறிகளின் நடுவுக்குத்தான் அது வந்து சேரவில்லை.

மறுப்புகள் உண்டு. மாணவர் எல்லோரும் மாங்கேணிக்கா போகப்போகிறார்கள் என்பது முதலாவது. இதற்குப் பதில் தமிழகத்தின் அனுபவத்தில் இருக்கிறது. ஆந்திராவில் ரிஷிவேலியைச் சுற்றியிருந்த சிறு கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டைமுறை, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, சில ஆண்டுகளில் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் தமிழகம் முழுவதும் பரவியது. அது பரவிய வேகத்தைக் குறைகூறலாம், அட்டைக்கு ஆசிரியர் அடிமையானார் என்றும் சொல்லலாம். ஆனாலும் ஒரே தரத்துக்குள்ளேயே நாற்பது பிள்ளைகள் நாற்பது மட்டத்தில் இருக்கிறார்கள் என்பதை நகரத்துக்கு எடுத்துச் சொன்னது கிராமத்துப் பல்தர வகுப்புத்தான். மாங்கேணியில் படிப்பிக்கப் பழகியவர் மட்டக்களப்பு நகரில் தடுமாறமாட்டார். மறுதலையாகச் சொல்ல முடியாது.

இரண்டாவது மறுப்பு கனமானது. தூரம், தங்குமிடம், மேற்பார்வை. மாணவரில் பெரும்பாலோர் பெண்கள். விரிவுரையாளருக்கு ஒருநாள் முழுவதும் போய்விடும். மாரியில் வெள்ளம் வேறு. இவையெல்லாம் உண்மை. கற்பித்தல் பயிற்சியை இரண்டாம் தவணைக்கு மாற்றினால் வெள்ளம் தீரும். மற்றவை பணத்தால் தீர்பவை, அந்தப் பணமும் பெரிதல்ல. மேற்பார்வையைப் பொறுத்தவரை, அங்கே பல ஆண்டு நின்று படிப்பித்த ஆசிரியரைப் புள்ளியிடும் உரிமையுள்ள துணை மதிப்பீட்டாளராக்கி அதற்குக் கொடுப்பனவும் கொடுக்க வேண்டும். பட்டமில்லாத டிப்ளோமாக்காரர் பட்டநெறி மாணவருக்குப் புள்ளியிடுவதா என்று செனற் சபையில் யாராவது கேட்பார். கேட்கட்டும். சுவாமி விபுலானந்தரும் லண்டன் பட்டதாரியாகும் முன் கொழும்பில் பயிற்றப்பட்ட ஆசிரியராகத்தான் இருந்தார். (மட்டக்களப்பில் கல்வி பற்றி எழுதினால் அவரைக் கூப்பிடாமல் முடிக்கவிடமாட்டார்கள்.)

நான் கேட்பது புதிய பீடமோ புதிய கட்டடமோ அல்ல. முதலாம் ஆண்டிலேயே மாணவரைச் சிறு பாடசாலைகளுக்கு அனுப்பி அவதானிக்கச் செய்தல், இரண்டாம் ஆண்டு முதல் ஒவ்வொரு பாடக் கற்பித்தல் முறையிலும் பல்தரப் பாடக்குறிப்பைக் கட்டாயமாக்கல், இறுதிக் கற்பித்தல் பயிற்சியில் ஒரு பகுதியையேனும் அத்தகைய வகுப்பில் மதிப்பிடல் ஆகியவை இருக்கிற பாடநெறிக்குள்ளேயே செய்யக்கூடியவை. கற்பித்தல் பயிற்சிக்குப் பாடசாலைப் பட்டியல் தயாரிக்கும் பல்கலைக்கழகத் துறைகள் அடுத்த முறை வாகரைக் கோட்டத்தையும் அதில் எழுதட்டும். மேற்பார்வைக்கான பயணப்படியையும் அந்தத் தூரத்துக்கேற்பத் திருத்தட்டும்.