கடலுக்குப் போகும் சிற்றாறுகள்: சேலம், நாமக்கல் சமவெளியில் இளையோர் சூழல் செயல்பாட்டின் வரலாறு

முன்னுரை

ஆத்தூர் வழியாக ஓடும் வசிட்ட நதி, சுவேத நதியோடு கூடி வெள்ளாறு என்னும் பெயர் பெற்று, பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலில் கலக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அமைந்திருப்பதும் அந்தக் கழிமுகத்தின் கரையில்தான். சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரைக் கடந்து, நாமக்கல் மாவட்டம் நஞ்சை இடையாற்றில் காவிரியைச் சேர்கிறது. ஓமலூர் வழியே வரும் சரபங்கா நதியும் காவிரிக்கே போகிறது. காவிரியின் கடைசி ஊர் பூம்புகார். கடற்கரையே இல்லாத இந்தச் சமவெளியில் பெய்யும் மழையும் இங்கே கொட்டப்படும் கழிவும் கடைசியில் போய்ச் சேருமிடம் ஒன்றுதான்.

காலநிலை, கடல் காப்பு ஆகியவற்றில் இளையோரின் பங்கைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கடலோர நகரங்களையே பேசுகின்றன. உள்நாட்டு இளைஞர் ஏரியில் தூர் வாரினால் அது உள்ளூர்ப் பொதுத்தொண்டாக மட்டும் குறிக்கப்படுகிறது. இந்தப் பிரிவினை நீரியலுக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். சேலம், நாமக்கல் பகுதி இளையோரின் சூழல் செயல்பாடு கற்றல், உழைப்பு, கேள்வி, கூட்டுப்பணி என நான்கு கட்டங்களாக வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை தொகுக்கிறது. அந்த வரலாற்றைக் கடல் காப்பின் வரலாறாகவும் படிக்க வேண்டும் என வாதிடுகிறது.

1. நீர்வழியும் தொழிலும்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது, குச்சிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் தொழில் சேலத்தில் வேரூன்றியது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. 2023இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடு பெற்றது. நெசவும் அதோடு சேர்ந்த சாயப்பட்டறைகளும் சேலம் நகரிலும், நாமக்கல் மாவட்டத்தின் பள்ளிபாளையம், குமாரபாளையம் ஆகிய காவிரிக்கரை ஊர்களிலும் பெருகின. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட தொழில்கள் இவை. இவற்றின் கழிவுநீரும் நகரின் சாக்கடையும் சிற்றாறுகளில் இறங்கின என்பதும் அதே வரலாற்றின் பகுதி.

கிழங்கு அரைத்த நீரிலுள்ள மாவுப்பொருள் அழுகும்போது ஆற்றுநீரின் உயிர்வளியைத் தின்றுவிடுகிறது. சாயக் கழிவு உப்பைச் சேர்க்கிறது. சாக்கடையின் தழைச்சத்தும் மணிச்சத்தும் கழிமுகம் வரை சென்றால் பாசியைப் பெருக்கி மீன்குஞ்சுகளை மூச்சுத்திணற வைக்கும். 2018இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் 351 மாசடைந்த ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. அதன் மிக மோசமான முதல் வகையில் திருமணிமுத்தாறு, சரபங்கா, வசிட்ட நதி ஆகிய மூன்றுமே இடம்பெற்றன. அதே ஆண்டு செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இப்பட்டியலைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ஒரே சமவெளியின் மூன்று சிற்றாறுகள் அந்த வரிசையில் நின்றன என்பதை மனத்தில் இருத்தியே இப்பகுதி இளையோரின் பணியை எடைபோட வேண்டும்.

2. கடற்கரை தந்த முன்மாதிரி

தமிழ்நாட்டில் இளையோர் கடல் காப்பின் தொடக்கம் சென்னைக் கடற்கரை. 1970களில் இயற்கை ஆர்வலர்கள் இரவில் நடந்து ஆமை முட்டைகளைத் தேடத் தொடங்கினர். 1988இல் கல்லூரி மாணவர்கள் தாமே கூடி மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பை உருவாக்கினர். மீனவர்கள் பங்குனி ஆமை என்றழைக்கும் ஆமை கரையேறி ஏறத்தாழ நூறு முட்டையிடும். மாணவர்கள் நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை நடந்து அம்முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுவருவார்கள். நாற்பத்தைந்து நாள்களுக்குமேல் காத்திருந்து குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள்.

இம்முயற்சியின் அருமை ஆமைக்குஞ்சுகளின் எண்ணிக்கையோடு முடிந்துவிடவில்லை. ஒரு தலைமுறை மாணவர்கள் படிப்பு முடித்துப் போனபின் அடுத்த தலைமுறை அதே மணலில், அதே பருவத்தில், அதே குறிப்பேட்டைத் தொடர்ந்தது. ஆண்டுதோறும் எத்தனை கூடுகள், எங்கே, எத்தனை பொரித்தன என்ற பதிவு வளர்ந்தது. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் சென்னைக் கடற்கரையில் இறந்து ஒதுங்கியபோது, அது வழக்கத்துக்கு மாறானது என்று உறுதியாகச் சொல்ல முடிந்ததற்கு இத்தகைய நெடுங்காலப் பதிவுகளே அடிப்படை.

3. முதல் கட்டம்: கற்றல் (1969–2009)

சமவெளியில் தொடக்கம் வகுப்பறையில் நிகழ்ந்தது. 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் கல்லூரி மாணவர்களை ஊர்களுக்கு அழைத்துச் சென்றது. முகாம் என்றால் சாலை போடுவதும் மரக்கன்று நடுவதும் என்றிருந்த காலம் அது. 1980இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பிறந்தது. அதன் சிறுவர் அறிவியல் இதழான துளிர் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு வந்தது. 1993இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு ஒரு புதிய பழக்கத்தைக் கற்றுத்தந்தது. குழுவாகச் சேர்ந்து, தம் ஊரின் சிக்கல் ஒன்றைத் தேர்ந்து, அளந்து, எழுதி, மற்றவர் முன் வைத்து, அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். சிறுவர்கள் தம் ஊர்க் கிணற்றையும் ஏரியையும் ஆய்வுப்பொருளாகப் பார்க்கக் கற்றது இப்படித்தான்.

1991இல் உச்சநீதிமன்றம் சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வலியுறுத்தியது. 2001 வாக்கில் பள்ளிகளில் தேசிய பசுமைப் படை அமைந்தது. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமானது. சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் உருவானதும் அதே ஆண்டில்தான். இக்கட்டத்தின் குறை வெளிப்படையானது: பாடம் மேலிருந்து வந்தது, ஆறு எப்போதும்போல் ஓடியது. ஆனாலும் அடுத்த கட்டத்தில் ஏரிக்குள் இறங்கியவர்களில் பலர் இந்த வகுப்பறைகள் வளர்த்த தலைமுறையினர்.

4. இரண்டாம் கட்டம்: உழைப்பு (2010–2016)

2010இல் கன்னங்குறிச்சி மூக்கனேரியில் திருப்பம் நேர்ந்தது. சேர்வராயன் மலையடிவாரத்து நீரைத் தாங்கும் அந்த 58 ஏக்கர் ஏரியைச் சீரமைக்கும் பொறுப்பை, பியூஷ் மனுஷ் முன்னின்ற சேலம் மக்கள் குழு மாவட்ட நிர்வாகத்தின் ஒப்புதலோடு ஏற்றது. மக்களிடம் நிதி திரட்டினார்கள். தூர் வாரிய மண்ணை வெளியே விற்கவில்லை. ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரங்கள் நட்டார்கள். மழை வந்தபோது நீர் நிறைந்தது, திட்டுகளில் பறவைகள் தங்கின. ஞாயிற்றுக்கிழமைகளில் மாணவரும் வேலைக்குப் போகும் இளைஞரும் மண்வெட்டியோடு வந்தார்கள். பின்னர் அம்மாபேட்டை ஏரி, இஸ்மாயில்கான் ஏரி எனப் பணி விரிந்தது.

அரசுத் துறையின் பொறுப்பு என்று விட்டிருந்த ஏரியில் நகரத்து இளையோர் தம் உடலுழைப்பைப் போட்டது இங்கே புதிது. குடிமராமத்து என்னும் பழைய ஏற்பாட்டில் ஆயக்கட்டு உழவர்களே மராமத்து செய்தனர். மூக்கனேரியில் இறங்கியவர்களுக்கு அந்த ஏரியில் பாசன உரிமை கிடையாது. அவர்களை அங்கே கொண்டுவந்தது நிலத்தடி நீரைப் பற்றிய கவலையும் நகரின்மேல் கொண்ட பற்றும். பறவை நோக்கும் இக்காலத்தில் வளர்ந்தது. 2015இல் தமிழ்நாடெங்கும் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, சீரமைத்த ஏரி உயிர்பெற்றதா என்பதைப் பறவைகளின் வரவைக்கொண்டு சோதிக்கும் வழியை இளையோருக்குக் கொடுத்தது.

கடலோடு இதற்கு என்ன தொடர்பு? ஏரி வண்டலைப் பிடித்துவைக்கிறது. வெள்ளத்தின் வேகத்தைத் தணிக்கிறது. அடித்துவரப்படும் குப்பையைத் தேக்குகிறது. சங்கிலியாக அமைந்த ஏரிகள் கெட்டுவிட்டால் நகரின் நெகிழிக் குப்பை ஒரே மழையில் ஆற்றுக்குப் போய்விடும். ஆறு அதைக் கடலுக்குக் கொண்டுசேர்க்கும்.

5. மூன்றாம் கட்டம்: கேள்வி (2016–2020)

2016 வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அதே மாதம் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவிலும் மற்ற ஊர்களிலும் கூடிய இளையோர், கலைந்தபின் தம் ஊர்களில் ஏரி, குளங்களைத் தேடிப் போனார்கள். சீமைக் கருவேலம் அகற்றுவதும் பனை விதை நடுவதும் விதைப்பந்து எறிவதும் ஊர்தோறும் நடந்தன. அவ்வாண்டே அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியது.

2018இல் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்கான நில எடுப்பு தொடங்கியபோது, விளைநிலமும் கிணறும் மலையடிவாரமும் போகுமே என்ற அச்சத்தில் உழவர் குடும்பங்கள் எதிர்த்தன. கல்லூரி மாணவர்கள் அவர்களோடு நின்றனர். சிலர் கைதாகவும் நேர்ந்தது. 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர்நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்சநீதிமன்றம் அரசின் அறிவிக்கைகள் செல்லும் என்றது. சட்டத்தின் முடிவு எவ்வாறிருப்பினும், இவ்விரண்டு ஆண்டுகளில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, பொதுக்கருத்துக் கேட்பு போன்ற சொற்கள் இப்பகுதி இளையோரின் அன்றாடப் பேச்சில் இடம்பிடித்தன. மண்வெட்டி பிடித்த கை அரசாணையைப் படிக்கவும் பழகியது இக்கட்டத்தின் விளைவு.

6. நான்காம் கட்டம்: கூட்டுப்பணி (2018 முதல்)

2018 ஆகஸ்டில் ஸ்வீடனில் கிரெட்டா துன்பெர்க் தொடங்கிய பள்ளி வேலைநிறுத்தம் காலநிலை என்ற சொல்லை உலகெங்கும் மாணவர் வாயில் வைத்தது. 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர் பேசினார். கரி எரிக்கும் இஸ்திரி வண்டிக்கு மாற்றாகச் சூரிய ஆற்றல் வண்டியை வடிவமைத்தவர் அவர். தெருவில் கண்ட புகையிலிருந்து உலக மேடைக்குப் போன வழி அது. கண்ணெதிரே கண்டதிலிருந்து தொடங்கும் அந்த வழி, சமவெளி இளையோரின் வழியோடு ஒத்தது.

அரசின் கொள்கையும் இக்காலத்தில் மாறியது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படும் நெகிழிக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. பசுமைத் தமிழ்நாடு, காலநிலை மாற்றம், ஈரநிலம் ஆகியவற்றுக்கான இயக்கங்கள் அமைந்தன. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கம் வந்தது.

இக்கட்டத்தின் தனிச்சிறப்பு பனை விதையில் தெரிகிறது. 2023இல் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் தன்னார்வலர்களும் 14 கடலோர மாவட்டங்களில், 1,076 கிலோமீட்டர் கடற்கரையில் ஒரு கோடி பனை விதை நடும் பணியில் இறங்கினர். அடுத்த ஆண்டு அந்தப் பணி ஆற்றுக்கு வந்தது. ஒகேனக்கல் முதல் பூம்புகார் வரை 416 கிலோமீட்டர் காவிரிக் கரையில் இன்னொரு கோடி என்பது இலக்கு. சேலமும் நாமக்கல்லும் அந்தக் கரையில் அடங்கும். கடற்கரையும் ஆற்றங்கரையும் ஒரே பணியின் இரு பருவங்களானது இந்த வரலாற்றில் குறிக்கத்தக்க நிகழ்வு. பனை மண்ணைப் பிடிக்கும், காற்றைத் தாங்கும். ஆனால் முளைத்து மரமாகப் பல ஆண்டுகள் ஆகும். நட்ட அளவைவிடப் பிழைத்த அளவே இந்தப் பணியின் மதிப்பைச் சொல்லும்.

7. கடல் திரும்பி வந்த நாள்

2024 கோடையில் சேலத்தின் வெப்பம் 42 டிகிரி செல்சியசைத் தொட்டது. அதே ஆண்டு நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், வலுவிழந்தபின்னும் நிலத்தின்மேல் மெல்ல நகர்ந்து உள்மாவட்டங்களில் கொட்டியது. ஏற்காட்டில் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். மலையில் பெய்த நீர் சமவெளிச் சிற்றாறுகளில் பாய்ந்தது.

கடல் சூடேறினால் புயல் அதிக ஈரத்தை அள்ளிவரும். அந்த ஈரம் சேர்வராயன் மலையில் மோதிப் பொழிகிறது. நாம் ஆற்றின் வழியே கடலுக்கு அனுப்புகிறோம்; கடல் மேகத்தின் வழியே நமக்கு அனுப்புகிறது. இந்தப் போக்குவரத்தில் உள்நாடு, கடலோரம் என்ற பாகுபாட்டுக்கு இடமேயில்லை.

முடிவுரை

நான்கு கட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் முந்தையதன்மேல் நிற்பது புலப்படும். வகுப்பறை அளக்கச் சொன்னது, ஏரி உழைக்க வைத்தது, சாலை கேள்வி கேட்கப் பழக்கியது, பனை விதை ஆற்றையும் கடலையும் ஒரே கோட்டில் வைத்தது. இந்த வளர்ச்சியின் அடுத்த படி எதுவாக இருக்க வேண்டும் என்பதற்குச் சென்னை மாணவர்களின் ஆமைக் குறிப்பேடே வழிகாட்டி.

நஞ்சை இடையாற்றில் திருமணிமுத்தாறு காவிரியில் விழுமிடத்திலும், ஆத்தூரில் வசிட்ட நதிப் பாலத்தருகிலும், அந்தந்த ஊர்க் கல்லூரி மாணவர்கள் மாதந்தோறும் நீரின் உயிர்வளியையும் உப்பையும் மிதக்கும் நெகிழியையும் அளந்து எழுத வேண்டும். அதே அளவைப் பூம்புகாரிலும் பரங்கிப்பேட்டையிலும் உள்ள மாணவர்கள் எடுக்க வேண்டும். இரண்டு குறிப்பேடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எந்தப் பட்டறை, எந்த நகர், எந்த ஆலை திருந்தியது, எது திருந்தவில்லை என்று ஆறே சாட்சி சொல்லும். இதற்குப் பெரும்பணம் தேவையில்லை. ஒரு தலைமுறை எழுதிய ஏட்டை அடுத்த தலைமுறை வாங்கிக்கொள்ளும் ஒழுங்கு தேவை. பங்குனி ஆமைக்காக 1988 முதல் மாணவர்கள் காத்துவரும் அந்த ஒழுங்கு, அந்த ஆமை நீந்தும் கடலுக்கு நீர் அனுப்பும் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் உரியதே.