மகாலுக்கே இருநூறு வருஷம் ஆச்சு

வீட்டு மராமத்து வேலை சொன்ன தேதிக்கு முடிஞ்சதுன்னு யாராவது சொன்னா நான் நம்ப மாட்டேன். சென்னையில பிளாட்டுக்கு டைல்ஸ் மாத்துறவங்களுக்கும் இதே கதை, அலங்காநல்லூர்ல ஓட்டு வீட்டைப் பழுது பார்க்கிறவங்களுக்கும் இதே கதை. ஆனா தாமதம் எல்லாம் ஒண்ணு கிடையாது. வேலைக்கே தேவைப்படுற தாமதம் ஒண்ணு இருக்கு. வீட்டைத் தின்னுற தாமதம் ஒண்ணு இருக்கு. இது ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க நம்ம மதுரையிலயே பாடம் இருக்கு.

திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்திருப்பீங்க. 1636ல கட்டினது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான் அதோட உடம்பு. இன்னைக்கு நாம டிக்கெட் வாங்கிப் பார்க்கிறது பழைய அரண்மனையில கால்வாசிதான்னு சொல்றாங்க. மிச்சம் எங்க போச்சு? திருமலை நாயக்கரோட பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாத்தினப்ப, அங்க அரண்மனை கட்ட இங்கிருந்து நல்ல பொருளையெல்லாம் பெயர்த்து எடுத்துட்டுப் போனார்னு வரலாற்றுல எழுதியிருக்கு. பழைய வீட்டுக் கதவு நிலையைப் பிடுங்கிப் புது வீட்டுக்கு வைக்கிற நம்ம பழக்கம் ராஜாவுக்கும் இருந்திருக்கு.

அதுக்கப்புறம் முறையா மராமத்து பார்க்க ஆளில்லை. 1736ல நாயக்கர் ஆட்சியே முடிஞ்சு போச்சு. 1866ல இருந்து 1872 வரைக்கும் மதராஸ் கவர்னரா இருந்த நேப்பியர் பிரபு காலத்துலதான் கையில எடுத்துச் சரிபண்ணினாங்க. பிறகு ரொம்ப வருஷம் மாவட்ட நீதிமன்றம் அங்கதான் நடந்துச்சு. கணக்குப் போட்டா, ஒரு வீட்டுக்கு மராமத்து சுமார் இருநூறு வருஷம் தள்ளிப்போயிருக்கு. ஆள் புழங்கின பகுதி நின்னுச்சு. கைவிட்ட பகுதி போச்சு. பக்கத்துச் சந்துல பத்துத் தூண் மட்டும் கூரையில்லாம நிக்குது. அந்தத் தெருவுக்கே பத்துத்தூண் சந்துன்னுதான் பேரு. இது வீட்டைத் தின்ன தாமதம்.

இப்ப அடுத்த வகைக்கு வருவோம். மதுரையில காளவாசல்னு ஒரு இடம் இருக்கு, பஸ்ஸுல போறவங்களுக்குத் தெரியும். காளவாசல்னா சூளை. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில சுட்டு, தண்ணி விட்டு நீத்து, ஆத்து மணலோட சேர்த்து அரைப்பாங்க. வட்டமா பள்ளம் எடுத்து, மாடு கட்டி, கல் உருளையை அதுல ஓட்டணும். கடுக்காயையும் வெல்லத்தையும் நாள்கணக்குல ஊறவச்ச தண்ணியைத்தான் அதுல ஊத்துவாங்க. பூசின பிறகும் அவசரப்பட முடியாது. சுண்ணாம்பு காத்துல இருக்கிற கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லக் கல்லா மாறும். ஒரு பூச்சு இறுகாம அடுத்த பூச்சு ஏத்தினா பொறுக்கு விட்டுரும். அங்க தாமதம்ங்கிறதே வேலையில ஒரு பகுதி. கொத்தனார் வராத நாளும் சுவரு தன் வேலையைப் பார்த்துக்கிட்டிருந்துச்சு.

அப்ப கொத்தனார் கையில எல்லாத்தையும் விடவும் மாட்டாங்க. போகிக்கு முன்னாடி ஒவ்வொரு வீட்லயும் வெள்ளையடிப்பாங்க இல்லையா? அது அழகுக்கு மட்டும் இல்லை. சுண்ணாம்புத் தண்ணி மயிரிழை வெடிப்புல இறங்கி அடைச்சிரும். வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டுக்காரனே செஞ்ச மராமத்து அது. ஓடு பிரிச்சு மேயுறதும் அப்படித்தான். மங்களூர்ல 1865ல பாசல் மிஷன்காரங்க ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பிச்ச பிறகுதான் தட்டையான சீமை ஓடு பரவுச்சு. அதுக்கு முன்னாடி எல்லாம் குயவர் சுட்ட நாட்டு ஓடுதான்.

அப்புறம் சிமெண்ட் வந்துச்சு. நம்ம தெக்குச் சீமையில தாழையூத்து ஆலை 1949ல ஓட ஆரம்பிச்சது. சீக்கிரம் இறுகுற பொருள் வந்தா வேலை சீக்கிரம் முடியணும்ல? முடியல. சிமெண்ட் கட்டுப்பாட்டுல இருந்துச்சு. பர்மிட் இருந்தாத்தான் மூட்டை. நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்கப்பா பத்து மூட்டைக்காக நடையா நடந்தார். பம்பாய்ப் பக்கம் சிமெண்ட் ஒதுக்கீட்டுக்குக் கைமாறா அறக்கட்டளைக்கு நன்கொடை வாங்கினார்ங்கிற வழக்குல, மகாராஷ்டிரா முதலமைச்சர் அந்துலே 1982 ஜனவரியில பதவி விலகினார். அடுத்த மாசமே மத்திய அரசு கட்டுப்பாட்டைத் தளர்த்துச்சு. ஆலைகள் ஒரு பகுதியை மட்டும் அரசு விலைக்குக் கொடுத்துட்டு மீதியை வெளியில விக்கலாம்னு ஆச்சு. 1989ல கட்டுப்பாடு முழுசா எடுத்தாச்சு. அந்தக் காத்திருப்பால எந்தச் சுவரும் பலமாகல. மனுஷன் செருப்புதான் தேஞ்சது.

இப்ப பர்மிட் இல்லை, கடைக்குப் போன் போட்டா மூட்டை வீட்டுக்கு வந்துரும். இப்ப பஞ்சம் ஆளுக்கும் மணலுக்கும். 2003ல இருந்து ஆத்து மணல் குவாரி அரசாங்கம் கையில. பாதிப் பேரு எம்-சாண்டுக்கு மாறிட்டாங்க. கொத்தனாரைக் கேட்டா, "அண்ணே, நாளைக்கு வந்துர்றேன்"னு சொல்வாரு. எந்த நாளைன்னு சொல்ல மாட்டாரு. அவரையும் குத்தம் சொல்ல முடியாது. ஆடியில யாரும் வேலை தொடங்குறதில்லை. கால்வாயில தண்ணி திறந்துட்டா சித்தாள் எல்லாம் நடவுக்குப் போயிரும். தை மாசம் ஜல்லிக்கட்டு முடியுற வரைக்கும் எங்க ஊர்ல கரணை பிடிக்க ஆள் கிடையாது. அதனாலதான் பெரியவங்க அறுப்பு முடிஞ்ச மாசியில ஓட்டைப் பிரிச்சு, ஐப்பசி மழைக்குள்ள மூடணும்னு கணக்கு வச்சாங்க.

எங்க வீடு தாத்தா கட்டினது. மண் சுவரு, மேல சுண்ணாம்புப் பூச்சு, சீமை ஓடு. "இடிச்சிட்டு கான்கிரீட் போட்டுருவோம்ப்பா"ன்னு மகன் திருப்பூர்ல இருந்து சொன்னான். எங்கம்மா, "நான் போன பிறகு இடிச்சுக்கங்க"ன்னாங்க. சரி, பழுது பார்ப்போம்னு போன மாசியில தொடங்கினேன். மூணு மாசம்னு நினைச்சது எட்டு மாசம் ஆச்சு.

முதல்ல தாமதிக்கக் கூடாத வேலையைப் பிரிச்சேன். ஒழுகுற கூரை, கரையான் அரிச்ச கைமரம், சுவருக்கடியில தண்ணி தேங்குற இடம். இது மூணுக்கும் காசு முதல்ல. பூச்சு, பெயிண்ட், தரை எல்லாம் அப்புறம். ஓடு இறக்கினது நாங்களேதான். ஏணியில ஒருத்தர், கீழ ஒருத்தர், கை மாத்திக் கை மாத்தி இறக்கி, ஒவ்வொண்ணா விரலால தட்டிப் பார்த்தோம். நல்ல ஓடு கணீர்னு பேசும், விரிசல் விட்டது பொத்துன்னு கேக்கும். பாதிக்கு மேல பழைய ஓடே தேறிருச்சு. பின்னாடி குளியலறைக்கு மட்டும் கான்கிரீட் தளம். அது மேல பாத்தி கட்டித் தண்ணி நிறுத்துறது எனக்கு நாத்தங்கால் வேலை மாதிரிதான். இந்தக் காத்திருப்பைக் குறைக்கக் கூடாது. குறைஞ்சது ஏழு நாள், சாம்பல் கலந்த சிமெண்டுன்னா பத்து நாள் ஈரம் காயக்கூடாது. கரண்ட் வேலையையும் சாரம் கட்டுறதையும் தெரிஞ்சவங்ககிட்ட விட்டுட்டோம்.

மண் சுவருக்கு மேல சிமெண்ட் பூச்சு வேணாம்னும் பிடிவாதமா இருந்தேன். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளிய விடும். சிமெண்ட் உள்ளயே அடைச்சு வைக்கும். நாலஞ்சு மழைக்குப் பிறகு உள்ள இருக்கிற மண்ணு உதிரும். சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார் கிடைக்கவே ரெண்டு மாசம் போச்சு. அதை நான் நஷ்டத்துல எழுதல.

நீங்க வீட்டு வேலை பார்க்கும்போது ஒரு தாள்ல ரெண்டு பத்தி போட்டுக்குங்க. எதுக்குக் காத்திருந்தா வீடு பலமாகும், எதுக்குக் காத்திருந்தா வீடு போகும். ஊர்ல பழைய வீடு பூட்டிக் கிடந்தா, அது ரெண்டாவது பத்தி. மழைக்கு முன்னாடி ஒரு தடவை வந்து கூரையைப் பார்த்துட்டுப் போங்க.