டிவிக்குப் பின்னாடி ஓர் ஓட்டை

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், ஜவ்வாது மலைக்குக் கிழக்கே இருக்கிறது கண்ணமங்கலம். அந்த வட்டாரத்தில் எண்பதுகளில் பிள்ளைகளாக இருந்தவர்களிடம் ‘டெக்கு’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ டிவியும் டெக்கும் வாடகைக்கு வரும். தெருவில் பாய் விரித்து, விடிய விடிய மூணு படம்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. அந்தக் காலத்துப் பெட்டிகளில் பலவற்றுக்குப் பின்னாடி இருந்தது ஒரே ஓட்டை, ஆன்டெனா ஒயர் சொருக. நிலையம் அனுப்பும், நாம் பார்க்கணும். அவ்வளவுதான் ஏற்பாடு. டெக்கு அந்த ஏற்பாட்டை ஏமாற்றியது. கேசட்டில் இருக்கும் படத்தை ஒரு சேனலின் அலைவரிசையில் ஏற்றி, ஆன்டெனா ஓட்டை வழியாகவே உள்ளே அனுப்பியது. டிவியைப் பொறுத்தவரை டெக்கும் ஒரு ஸ்டேஷன்தான். எந்தப் படம் என்பதைத் தெரு முடிவு பண்ணியது.

வீட்டுக் கம்ப்யூட்டரும் டிவிக்குள் நுழைந்தது இதே மாறுவேடத்தில்தான். 1982இல் பிரிட்டனில் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமுக்குத் தனி மானிட்டர் கிடையாது, வீட்டு டிவிதான் திரை. ஆனால் ஆபீஸ் வேலைக்கு எழுத்து கூர்மையாகத் தெரியணுமே? கம்ப்யூட்டருக்குத் தனித் திரை வந்தது. 1987இல் ஐபிஎம் விஜிஏவைக் கொண்டுவந்தது. கம்ப்யூட்டர் தனிக்குடித்தனம் போய்விட்டது.

அந்தப் பிரிவினை நம்ம ஊர் வீடுகளில்தான் நன்றாகத் தெரிந்தது. 2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் இலவசக் கலர் டிவி திட்டம் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டிகள், ஒன்றரைக் கோடிக்கும் மேல். சரியாக ஐந்து வருஷம் கழித்து, ஆட்சி மாறி, அதே அண்ணா பிறந்தநாளில் மாணவர்களுக்கு இலவச லேப்டாப். ஒரே வீட்டில் அரசு கொடுத்த இரண்டு திரைகள். ஆனால் ஒன்று பேசுவது இன்னொன்றுக்குப் புரியாது.

காரணம் எளிது. நம்ம டியூப் டிவி நொடிக்கு 15,625 கோடு வரையும். விஜிஏ அனுப்புவது ஏறக்குறைய 31,500. ஒரு முனையில் விஜிஏ, மறுமுனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு பின் என்று ஒரு ஒயரை வாங்கிச் சொருகினால் மட்டும் படம் வந்துவிடாது. நடுவில் மாற்றிக் கொடுக்க ஒரு கன்வர்ட்டர் பெட்டி வேணும். அதற்குச் செலவு பண்ணுவதை விட, படத்தைப் பென் டிரைவில் ஏற்றி டிவிடி பிளேயரில் சொருகுவது சுலபம்.

படத்தையும் சத்தத்தையும் ஒரே ஒயரில் டிஜிட்டலாகக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ 2002 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. தட்டை டிவிகள் வீடுகளுக்கு வந்தபோதுதான் பங்காளிகள் மறுபடி சேர்ந்தார்கள். பழைய வாசனை மட்டும் போகவில்லை. லேப்டாப்பைப் பெரிய டிவியில் சொருகியதும் சில சமயம் ஓரம் வெட்டுப்பட்டு, கீழே டாஸ்க்பார் காணாமல் போகும். டியூப் காலத்தில் ஓரங்கள் கோணலாகத் தெரியாமல் இருக்க, படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை மறைப்பார்கள். டியூப் போன பிறகும் அந்தப் பழக்கம் செட்டிங்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கூடவே ஒரு காவல்காரனும் வந்தான், எச்டிசிபி. அனுமதி இல்லாத கருவி நடுவில் இருந்தால் படம் கறுப்பாகிவிடும். டெக்குக் காலத்து ஒயர் யாரையும் இப்படி விசாரிக்கவில்லை.

இப்போது டிவியே ஒரு கம்ப்யூட்டர். ஒயர் எதற்கு என்று கேட்கலாம். ஸ்மார்ட் டிவியை ஆன் பண்ணியதும் முன்னால் வந்து நிற்பது எந்த ஆப், எந்த விளம்பரம் என்று கம்பெனிதான் முடிவு பண்ணுகிறது. நிலையம் அனுப்பும், நாம் பார்க்கணும் என்ற 1975 ஏற்பாடு வேறு சட்டை போட்டுத் திரும்பி வந்திருக்கிறது. அக்கா கல்யாண வீடியோவோ, நண்பன் எடுத்த குறும்படமோ, நமக்கு வேண்டியதை நாமே போட்டுப் பார்க்க, ரிமோட்டில் ‘சோர்ஸ்’ பட்டனை அழுத்தினால் எச்டிஎம்ஐ 1 இன்னும் இருக்கிறது. அடுத்த டிவி வாங்கும்போது பின்னாடி எத்தனை ஓட்டை என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.